ஆறிய புண்ணுக்குப் பிறகு

1900-ஆம் ஆண்டு வாக்கில் எக்ஸ்ரே குழாயைச் சோதித்துப் பார்க்க எல்லோரும் கையாண்ட வழி மிக எளிமையானது. குழாயை இயக்கிவிட்டு, அதற்கும் ஒளிரும் திரைக்கும் நடுவில் தன் கையை நீட்டுவார்கள். திரையில் கை முழுவதும் ஒரே கறுப்பாக விழுந்தால் கதிருக்கு ஊடுருவும் வலு போதாது. எலும்புகூட மங்கித் தெரிந்தால் வலு மிஞ்சிவிட்டது. விரல் எலும்புகள் கறுத்தும் சுற்றியுள்ள சதை வெளிறியும் தெரிந்தால் குழாய் பதமாக இருக்கிறது, நோயாளியைப் படுக்க வைக்கலாம். அந்தக் காலத்துக் குழாய்களுக்குள் இருந்த வாயுவின் அழுத்தம் மாறிக்கொண்டே இருந்ததால், நேற்றுச் சரியாக இருந்த குழாய் இன்று அப்படி இருக்காது. ஒவ்வொரு முறையும் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். குழாய் செய்யும் தொழிற்சாலைகளில் இதையே நாள் முழுவதும் செய்த தொழிலாளர்கள் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஒருவரின் கையைத்தான் 1902-இல் ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் ஃப்ரீபன் தம் சக மருத்துவர்களுக்குக் காட்டினார். எக்ஸ்ரே குழாய்த் தொழிற்சாலையில் சில ஆண்டுகளாகத் தன் கையையே சோதனைப் பொருளாக வைத்து வேலை பார்த்தவர் அவர். புறங்கையில் ஆறாத புண். அது செதிள் செல் புற்று என்பதும், அக்குளின் நிணநீர்க் கட்டிகள்வரை பரவியிருந்தது என்பதும் தெரிந்தது. கதிரால் வந்த புற்றுநோய் என்று மருத்துவம் பதிவு செய்த முதல் நோயாளி அவர்தான். ரோன்ட்கன் வூர்ட்ஸ்பர்க் நகரில் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்து அப்போது ஏழு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் தாமஸ் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் கிளாரன்ஸ் டாலி என்ற கண்ணாடி ஊதும் தொழிலாளி இருந்தார். கால்சியம் டங்ஸ்டேட் பூசிய திரையை வைத்து எடிசன் செய்த எக்ஸ்ரே கருவிகளுக்கு நாள்தோறும் கை கொடுத்தவர் டாலி. இடது கை வெந்தபோது வலது கையை நீட்டினார். இரண்டிலும் புண் வந்தது. உடலின் வேறு இடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டு கைகளையும் வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. 1904-இல் இறந்தபோது அவருக்கு வயது 39. எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே கைவிட்டுவிட்டார்.

இவர்கள் ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்வி இன்று எளிதாக வருகிறது. எக்ஸ் கதிர் படும்போது சுடாது, குத்தாது, கூசாது. எலிஹு தாம்சன் என்ற பொறியியலாளர் 1896-இல் தம் இடது சுண்டுவிரலைக் குழாயருகே அரை மணி நேரம் வேண்டுமென்றே வைத்துப் பார்த்தார். அன்று ஒன்றுமே ஆகவில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் விரல் சிவந்து வீங்கி வலித்தது. இப்படி நாள் தள்ளி வந்த காயத்துக்கு மின்சாரம், ஓசோன் வாயு, படச்சுருள் கழுவும் ரசாயனம் என்று வேறு வேறு காரணங்களைப் பலரும் சொன்னார்கள். பாஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் ரோலின்ஸ் கினிப்பன்றிகளை வைத்துச் சோதித்து, மின்சாரம் தொடாமல் எக்ஸ் கதிர் மட்டுமே உயிரைக் கொல்லும் என்று 1901-இல் காட்டினார். குழாயைக் கதிர் கசியாத உறைக்குள் வைக்கச் சொன்னார். பெரும்பாலானவர்கள் காதில் அது ஏறவில்லை. ஹாம்பர்க்கில் 1936-இல் எழுப்பிய நினைவுத்தூணில், கதிர்வேலையில் இறந்த 169 பேரின் பெயர்களைப் பொறிக்க வேண்டியிருந்தது. பிறகு அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது.

அவர்களை ஏமாற்றியது அந்த ஒரு வாரத் தாமதம் மட்டுமில்லை. தோல் சிவந்தது, கொப்பளித்தது, உரிந்தது, பிறகு ஆறியது. ஆறியதால் சேதம் முடிந்துவிட்டது என்று நம்பினார்கள். நமக்கும் தோன்றுவது அதுதான். ஆனால் கதிர்க்காயமும் கதிரால் வரும் புற்றும் வேறு வேறு செல்களின் கதை. காயம் என்பது செத்துப்போன செல்களால் வருவது. செத்தவை உதிர்ந்து, பக்கத்திலிருந்து புதியவை வளர்ந்து இடத்தை நிரப்பினால் காயம் ஆறும். புற்று வருவது பிழைத்த செல்களிலிருந்து. மரபணுவில் ஊறுபட்டும் சாகாமல், அந்த ஊறோடு பிரிந்து பெருகும் செல்தான் பல ஆண்டுகள் கழித்துத் தலை தூக்குகிறது.

அந்தச் செல் தோலில் எங்கே இருக்கிறது? நம் மேல்தோல் மிக மெல்லியது. பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். அதன் அடியில் ஒற்றை வரிசையாக நிற்கும் அடித்தள செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அங்கே பிறக்கும் செல் மெல்ல மேலே ஏறி, செத்து, செதிளாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும். ஆகவே மேல் அடுக்குகளில் என்ன சேதம் நேர்ந்தாலும் கவலையில்லை. நிரந்தரமாகத் தங்குவது அடிவரிசையிலும் மயிர்க்கால்களிலும் உள்ள மூலச் செல்கள் மட்டும்தான். கதிர்ப் பாதுகாப்புத் துறையினர் தோலுக்கான கதிரளவை 0.07 மில்லிமீட்டர் ஆழத்தில் கணக்கிடுவது இதனால்தான். அந்த ஆழத்தில்தான் ஆபத்துக்குரிய செல்கள் குடியிருக்கின்றன.

மயிர்க்காலைச் சொன்னதும் இன்னொரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். இந்த அத்தியாயத்திலேயே என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

1896-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஒருவரின் மண்டையோட்டைப் படமெடுக்க முயன்றார்கள். மூன்று வாரம் கழித்து, கதிர் பட்ட இடத்தில் அவருடைய முடி கொட்டியது. இந்தச் செய்தி வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவருக்கு ஒரு யோசனை தந்தது. முதுகில் முடி அடர்ந்த பெரிய மச்சத்தோடு பிறந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் அதே ஆண்டில் எக்ஸ் கதிர் கொடுத்தார். முடி கொட்டியது உண்மை. கூடவே ஆழமான புண்ணும் வந்தது. முடியை உதிர்க்கக் கதிர் பயன்படும் என்பது மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டது.

அப்போது பள்ளிக் குழந்தைகளின் தலையில் பூஞ்சையால் வரும் படைக்குச் சரியான மருந்து கிடையாது. பூஞ்சை முடியின் வேருக்குள் இறங்கிவிடும். முடியை வேரோடு நீக்கினால் நோய் போகும். பாரிஸ் நகரத்துத் தோல் மருத்துவர் சபூரோ 1904-இல் இதற்கு ஒரு முறையை வகுத்தார். பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய சிறு வில்லையைக் குழாய்க்கும் தலைக்கும் நடுத்தொலைவில் வைப்பார். கதிர் பட்டுக்கொண்டே வர, வில்லையின் பச்சை நிறம் பழுப்பை நோக்கி மாறும். மாதிரி அட்டையில் உள்ள நிறத்தோடு வில்லை ஒத்துப்போகும் நொடியில் கதிரை நிறுத்திவிட வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்தினால் முடி உதிராது. தாண்டிவிட்டால் முடி மறுபடி முளைக்காது. பின்னால் கீன்பாக், ஆடம்சன் என்ற இருவர், தலையை ஐந்து பகுதியாகப் பிரித்து எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் கதிர் சேரும்படி இந்த முறையைச் செம்மையாக்கினார்கள். இரண்டு மூன்று வாரத்தில் முடி முழுவதும் கொட்டும், சில மாதத்தில் அழகாகத் திரும்ப முளைக்கும், படை போய்விடும். குழந்தை பள்ளிக்குத் திரும்பும். கண்ணுக்குத் தெரிந்த வரையில் இதில் ஒரு குறையும் இல்லை. கவனமாக, அளந்து, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட சிகிச்சை இது. கிரிசியோஃபுல்வின் மாத்திரை 1950-களின் இறுதியில் வந்துசேரும்வரை உலகெங்கும் ஏறக்குறைய 2 லட்சம் குழந்தைகளுக்கு இப்படிக் கதிர் கொடுக்கப்பட்டது என்று மதிப்பிடுகிறார்கள்.

அந்தக் குழந்தைகளைத் தேடிப் பிடித்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு குழுவினர். இஸ்ரேலில் பாருக் மோடன் குழு, மேற்காசியாவிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறிக் கதிர் பெற்ற 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, மூளையிலும் தைராய்டிலும் கட்டிகள் மிகுந்திருப்பதை 1974-இல் வெளியிட்டது. அவர்களுக்கு இழப்பீடு தர அந்நாட்டில் 1994-இல் சட்டமே வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழு தோலைக் கவனித்தது. அங்கே 1940-க்கும் 1959-க்கும் இடையில் கதிர் பெற்ற 2,200-க்கும் மேற்பட்டவர்களும், அதே நோய்க்குக் கதிர் இல்லாமல் வைத்தியம் பெற்ற ஏறக்குறைய 1,400 பேரும் பல பத்தாண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். உச்சந்தலைத் தோலுக்குக் கிடைத்த கதிர் ஏறக்குறைய 4.8 கிரே (கிரே என்பது உடல் உறிஞ்சிய கதிரை அளக்கும் அலகு). கதிர் பெற்ற வெள்ளையர்களில் 128 பேருக்குத் தலையிலும் கழுத்திலும் அடித்தள செல் புற்று வந்தது. கதிர் பெறாத வெள்ளையர்களில் 21 பேருக்கு வந்தது. ஆள் எண்ணிக்கையைக் கணக்கில் கொண்டு பார்த்தால் அபாயம் மூன்றரை மடங்குக்கும் சற்று மேல். ஐந்தாறு வயதில் முடி கொட்டி மறுபடி முளைத்ததை மறந்தே போனவர்களுக்கு, நாற்பது ஐம்பது வயதில் தலையில் ஆறாத சிறு புண்.

அந்த ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கதிர் பெற்ற குழந்தைகளில் ஏறக்குறைய கால் பங்கினர் கறுப்பர்கள். அவர்களுக்கும் அதே குழாய், அதே அளவு. அவர்களில் இந்தப் புற்று வந்தவர்கள் மூன்றே பேர். கறுத்த தோல் எக்ஸ் கதிரைத் தடுத்ததா? வாய்ப்பே இல்லை. எலும்பையே ஊடுருவும் கதிருக்கு மெலனின் நிறமி எந்தத் தடையும் ஆகாது. மெலனின் தடுப்பது வெயிலில் உள்ள புறஊதாக் கதிரை. எக்ஸ் கதிர் தொடங்கி வைத்ததைப் பின்வந்த ஆண்டுகளின் வெயில் வளர்த்தது, மெலனின் உள்ள தோலில் வெயிலால் அதைச் செய்ய முடியவில்லை என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். இரண்டு வகைக் கதிர்களும் ஒரே தோலில், ஒரே செல்லில் கைகோத்துக்கொள்கின்றன. ஆகவே இரண்டும் மரபணுவை என்ன செய்கின்றன என்று தனித்தனியே பார்த்தாக வேண்டும்.

வெயிலை முதலில் எடுத்துக்கொள்வோம். உலகில் தோல் புற்று மிகப் பெரும்பாலும் வெயிலால்தான் வருகிறது. புறஊதாக் கதிரின் ஆற்றல் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கப் போதாது. எக்ஸ் கதிரோடு ஒப்பிட்டால் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் டிஎன்ஏ மூலக்கூறு விரும்பி உறிஞ்சுவது அந்த ஆற்றலைத்தான். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் தைமினும் சைட்டோசினும் ஒரே வகை. இவற்றில் இரண்டு அடுத்தடுத்து நின்றிருக்கும் இடத்தில் புறஊதாக் கதிர் பட்டால் அவை ஒன்றோடொன்று பிணைந்துவிடும். உறைய வைத்த தைமின் கரைசலில் புறஊதாக் கதிரைப் பாய்ச்சி இந்த இணைப்பை 1960-இல் கண்டவர்கள் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஆய்வாளர்கள். வெயிலில் நிற்கும் ஒருவரின் ஒவ்வொரு தோல் செல்லிலும் இத்தகைய பிணைப்புகள் ஆயிரக்கணக்கில் உண்டாகின்றன.

ஏன் நமக்கெல்லாம் புற்று வருவதில்லை? செல்லுக்குள் இவற்றை வெட்டி எடுக்கும் ஒரு நொதிக் கூட்டம் இருக்கிறது. பிணைந்த இடத்தின் இருபுறமும் வெட்டி, ஏறக்குறைய முப்பது எழுத்துகள் நீளமுள்ள துண்டை நீக்கி, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதிவிடும். இந்த வேலையின் ஒவ்வொரு படியையும் விளக்கிய அஸீஸ் சான்ஜார் 2015-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். இந்த நொதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் என்ன ஆகும் என்பதை ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய் காட்டுகிறது. இந்த நோயுள்ள குழந்தைகளில் பலருக்குச் சில நிமிட வெயிலே தோலைப் பொசுக்கிவிடும். இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் கரும்புள்ளிகள். பாதுகாப்பு இல்லாவிட்டால் பத்து வயதுக்கு முன்பே தோல் புற்று. வியன்னாவில் கபோசி 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த இந்த நோய்க்குக் காரணம் டிஎன்ஏவைப் பழுது பார்க்கும் திறன் இல்லாமைதான் என்று 1968-இல் கண்டவர் ஜேம்ஸ் கிளீவர். மற்றவர்கள் நாளெல்லாம் வெயிலில் திரிந்தும் தப்பிப்பது எதனால் என்பதை இந்தக் குழந்தைகளின் துன்பம்தான் அறிவியலுக்குக் கற்றுத் தந்தது.

வெட்டி எடுப்பதற்குள் செல் பிரிந்துவிட்டால் பிணைப்பு நிரந்தரப் பிழையாகிறது. சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் ஏறிவிடும். சில நேரம் அடுத்தடுத்த இரண்டு சைட்டோசின்கள் சேர்ந்தாற்போல் இரண்டு தைமின்களாக மாறும். இந்த இரட்டை மாற்றத்தை வேறெதுவும் இவ்வளவு எளிதாக உண்டாக்குவதில்லை என்பதால் இதை வெயிலின் கைரேகை என்றே கொள்ளலாம். யேல் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பிராஷ் குழு 1991-இல் 24 செதிள் செல் புற்றுகளைச் சோதித்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் பி53 என்ற மரபணு பழுதாகியிருந்தது, அவற்றில் சிலவற்றில் இந்த வெயில் கைரேகை இருந்தது. பி53-இன் வேலை, மீட்க முடியாத சேதம் பட்ட செல்லைத் தானே சாக வைப்பது.

அதே குழு 1994-இல் சொன்ன விளக்கம் இன்னும் முக்கியமானது. கடும் வெயில் பட்டால் பி53 நன்றாக இருக்கும் செல்கள் ஒழுங்காகச் செத்துவிடும். பி53 ஏற்கெனவே பழுதான செல் சாகாது. பக்கத்துச் செல்கள் செத்த இடத்தில் அது பெருகும். வறட்சியில் பயிர் கருகிய வயலில் கோரை பரவுவதுபோல, ஒவ்வொரு வெயில் புண்ணும் பழுதான செல்லுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. வெயில் முதலில் பிழையை உண்டாக்குகிறது, பிறகு அந்தப் பிழைக்கு வளர இடமும் தருகிறது. 2015-இல் கேம்பிரிட்ஜ் அருகே ஓர் ஆய்வுக் குழு, தொங்கிப்போன கண்ணிமைக்கான அறுவைச் சிகிச்சையில் வெட்டியெடுத்த சாதாரணத் தோலைத் துண்டு துண்டாகப் பிரித்து மரபணுக்களை வாசித்தது. நோய் எதுவும் இல்லாத அந்தத் தோலில் ஏறக்குறைய கால்வாசி செல்களில் புற்றுக்கு வழி செய்யும் மாற்றம் ஒன்றாவது ஏற்கெனவே இருந்தது.

எக்ஸ் கதிர், காமா கதிர் போன்ற அயனியாக்கும் கதிர்களின் வழி வேறு. அவை எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. அந்த எலக்ட்ரான்கள் டிஎன்ஏவை நேராகவும் தாக்கும். செல்லில் உள்ள நீரைச் சிதைத்து, அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் துகள்கள் வழியாகவும் தாக்கும். ஒரு கிரே கதிர் ஒரு செல்லில் ஏறக்குறைய ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளையும், நாற்பது வரை இரட்டை இழை முறிவுகளையும் ஏற்படுத்தும். ஒற்றை முறிவு எளிதில் சரியாகிவிடும். இரண்டு இழைகளும் அறுந்த இடத்தில், பார்த்து எழுத மாதிரி பக்கத்தில் இல்லை. செல் பெரும்பாலும் அறுந்த முனைகளை அவசரமாகச் சேர்த்துக் கட்டுகிறது. நடுவில் ஒரு துண்டு தொலைந்துபோகலாம், ஒரு மரபணுவே காணாமல் போகலாம்.

அப்படித் தொலைந்தால் அடித்தள செல் புற்றுக்கு வழி விடுவது பிடிசிஎச்1 என்ற மரபணு. செல்லை வளரத் தூண்டும் ஒரு சமிக்ஞைப் பாதையை அது அடக்கி வைத்திருக்கிறது. தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டும் போனால்தான் கட்டுப்பாடு தளரும். சாதாரண ஆள் ஒருவரின் தோல் செல்லில் எக்ஸ் கதிர் ஒரு பிரதியை அழித்தால் மற்றது காப்பாற்றுகிறது. அதையும் ஏதோ ஒரு வெயில் நாளோ, செல் பிரியும்போது நேரும் ஒரு தற்செயல் தவறோ கெடுக்கப் பத்தாண்டுகள், நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். தலைப்படைக் குழந்தைகளின் நீண்ட காத்திருப்புக்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர் பிழைத்தவர்களிடமும் கதிரளவோடு சேர்ந்து தெளிவாக உயர்ந்தது அடித்தள செல் புற்றுதான், அதுவும் குண்டு விழுந்தபோது சிறுவயதில் இருந்தவர்களிடம் மிகுதியாக. சிறுவர்களுக்கு முன்னால் இருந்த ஆண்டுகள் அதிகம்.

இத்தனையும் படித்தபின் மார்பு எக்ஸ்ரே எடுக்கவே அஞ்ச வேண்டாம். ஒரு மார்புப் படத்தில் தோலுக்குக் கிடைப்பது ஒரு கிரேயில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு. தலைப்படைக் குழந்தைகளுக்குக் கொடுத்தது அதைப்போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேல். மணலிலேயே மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் கலந்திருக்கும் மணவாளக்குறிச்சி, கருநாகப்பள்ளிக் கடற்கரைகளைப் பற்றியும் இந்தப் பயம் அடிக்கடி எழுகிறது. கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கும் மேல் தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. இயற்கைக் கதிர் கூடிய வீடுகளில் வாழ்ந்தவர்களிடம் புற்றுநோய் மிகவில்லை. பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேரும் கதிரும், சில நிமிடங்களில் மொத்தமாகப் பாயும் கதிரும் ஒன்றில்லை. இன்று உண்மையாகவே கவனம் வேண்டிய இடம், சிக்கலான இதய அடைப்பைத் திறக்க மணிக்கணக்கில் நடக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி மேசை. முதுகின் ஒரே இடத்தில் கதிர் பட்டுக்கொண்டிருந்தால் சில கிரே வரை சேர்ந்து, வாரம் கழித்துச் சதுரமாகத் தோல் சிவக்கக்கூடும். அப்படி நேர்ந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லி மருத்துவக் குறிப்பில் ஏற்றிவைப்பது நல்லது. சிறுவயதில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களும் அப்படியே. அந்த இடத்தில் மாதக்கணக்கில் ஆறாமல் பொருக்குத் தட்டி உதிரும் புண்ணோ, முத்துப்போல் மினுங்கும் சிறு முடிச்சோ தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாநிறமும் கறுப்புமான நம் தோல் வெயிலிலிருந்து பெருமளவு காக்கிறது. எக்ஸ் கதிரிலிருந்து அது காக்காது.

பிடிசிஎச்1 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகவே பிறப்பவர்களும் உண்டு. இதை கார்லின் நோய்க்குறி என்பார்கள். 1960-இல் ராபர்ட் கார்லினும் ராபர்ட் கோல்ட்ஸும் விவரித்தது. இந்தக் குழந்தைகளில் சிலருக்கு ஓரிரு வயதிலேயே சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டி வரும். முன்பெல்லாம் அதற்குத் தலைக்கும் முதுகெலும்பு நெடுகவும் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். கட்டி அடங்கிப் பிழைத்த குழந்தைகளின் முதுகில், கதிர் பாய்ந்த பட்டையின் எல்லைக்குள் மட்டும், ஆறு மாதம் முதல் சில ஆண்டுகளுக்குள்ளாகவே நூற்றுக்கணக்கில் அடித்தள செல் புற்றுகள் முளைத்தன. மற்றவர்களுக்கு நாற்பது ஆண்டுகள் ஆவது இவர்களுக்கு இவ்வளவு விரைவில் நடந்தது, அழிக்க ஒரே ஒரு பிரதிதான் மிச்சம் இருந்ததால். இன்று அந்த வகைக் கட்டியோடு வரும் கைக்குழந்தைகளுக்கு முதலில் இரத்தத்தை எடுத்து, பிடிசிஎச்1 மரபணுவையும், அதே பாதையில் வேலை செய்யும் சுஃபு மரபணுவையும் வாசிக்கிறார்கள். பழுது தெரிந்தால் கதிரை இயன்றவரை தவிர்த்து, அறுவையையும் மருந்தையும் கொண்டு வைத்தியம் பார்க்கிறார்கள். அடங்காமல் போன அந்தச் சமிக்ஞைப் பாதையையே அடைக்கும் விஸ்மோடெகிப் என்ற மாத்திரை 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முற்றிய அடித்தள செல் புற்று உள்ள பெரியவர்களுக்கு இப்போது அதைக் கொடுக்கிறார்கள். வளரும் எலும்பின் நுனிகளை அது காலத்துக்கு முன்பே மூடிவிடுவதால் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள்.